ஷியாமளா அக்காவின் சிவப்புக் கட்டம்

ஷியாமளா அக்காவைக் குத்திக் கொன்றுவிட்டான் ஒருவன்.

பொங்கோலில், ஓர் அடுக்குமாடி பிளாக்கின் லிஃப்ட் வாசலில். பட்டப்பகலில். வேறொரு பெண்ணின் கணவன் அவன். அக்கா அவனை அதற்கு முன் பார்த்ததுகூட இல்லை.

வாட்ஸ்அப்பில் செய்தி வந்தபோது ஃபேரர் பார்க் ஸ்டேஷன் எஸ்கலேட்டரில் இருந்தேன். மேலே ஏறி வந்து ஓரமாகத் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

அவரைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். நாங்கள் இருவரும் ஒரே ஆபீஸ். கப்பல் இயந்திரங்களுக்கு மேனுவல் தயாரிக்கும் சின்ன கம்பெனி. நான் படம் வரைவேன், அக்கா எழுதுவார்.

எழுதுவது வெறும் டெக்ஸ்ட் ஃபைலில்தான். எழுத்தளவு, நிறம் எதுவும் இருக்காது. வரித் தொடக்கத்தில் ஒரு புள்ளி, ஒட்டினாற்போல இரண்டு ஆங்கில எழுத்து. அதுதான் மேக்ரோ. டைப்செட்டிங் புரோகிராம் அதைப் பார்த்து இது தலைப்பு, இது குறிப்பு என்று தானே அடுக்கிக்கொள்ளும். அதே ஃபைலிலிருந்து அச்சுக்கும் பக்கம் வரும், வெப் பேஜும் வரும்.

புள்ளி வைத்து DG என்று அடித்தால் ஒரு சிவப்புக் கட்டம் விழும். ‘டேஞ்சர்’. கயிறு இழுக்கும் வின்ச் ஓடும்போது கையை உள்ளே விடாதே, விரல் துண்டாகும்... இந்த மாதிரி விஷயங்களுக்கு.

ஒரு திங்கட்கிழமை வலது கையில் கட்டோடு வந்தார்.

"கதவுல நசுங்கிடுச்சாக்கா?"

"நசுங்கல. நசுக்கினாரு. கையப் பிடிச்சு வச்சுக்கிட்டு சாத்தினாரு, எங்க வீட்டுக்காரரு."

சொல்லிவிட்டு இடது கையால் டைப் செய்யத் தொடங்கினார். மேக்ரோ எல்லாம் இரண்டே எழுத்து என்பதால் அவரால் முடிந்தது.

கட்டுப் பிரிப்பதற்கு முன்பே அந்த ஆள் ஆபீசுக்கு வந்தான். லாபியில் அக்காவின் முடியைச் சுற்றிப் பிடித்து, தலையைக் கண்ணாடிக் கதவில் மோதினான். மறுபடியும் மோதினான். கண்ணாடி விரிசல் விட்டது. நெற்றி கிழிந்து ரத்தம் கண்ணுக்குள் இறங்கியது.

நாங்கள் ஓடி வருவதற்குள், சுவரில் இருந்த தீயணைப்புச் சிலிண்டரை அக்கா இடது கையாலேயே பிடுங்கி அவன் முட்டியில் அடித்துவிட்டார். எலும்பு உடைந்த சத்தம் எங்கள் எல்லோருக்கும் கேட்டது.

அவன் விழுந்து கிடந்தான். அக்கா சிலிண்டரை மறுபடி தூக்கினார், இந்த முறை தலைக்கு நேராக. நான் பின்னாலிருந்து கட்டிப் பிடித்துக்கொண்டேன்.

"வேணாம்க்கா. வேணாம்."

  அக்கா சிலிண்டரைக் கீழே வைத்துவிட்டு, "போலீஸக் கூப்பிடு. இவன் எந்திரிக்கறதுக்குள்ள" என்றார். அன்றுதான் முதல் தடவை அவர் வாயில் ‘அவன் இவன்’ கேட்டேன்.

நெற்றியில் தையல், கோர்ட்டில் பாதுகாப்பு உத்தரவு, பூன் லேயில் தம்பி வீடு. அந்த வீட்டு டைனிங் டேபிளில்தான் அடிபடும் பெண்களுக்காகத் தமிழில் ஒரு வெப்சைட் ஆரம்பித்தார். அதே டெக்ஸ்ட் ஃபைல், அதே மேக்ரோ.

சிவப்புக் கட்டத்துக்குள் அக்கா எழுதிய ஒரு வரி எனக்கு மனப்பாடம். "கழுத்தில் கை வைத்துவிட்டானா? அடுத்த முறை கையை எடுக்க மாட்டான். இன்றே கிளம்புங்கள்."

நான் படம் போட்டுத் தருகிறேன் என்றேன். அழகாக ஆப் மாதிரி பண்ணலாம் என்றேன்.

"அழகெல்லாம் வேணாம் லா. புருஷன் குளிச்சிட்டு வெளிய வர்றதுக்குள்ள பேஜ் திறக்கணும், படிச்சு முடிக்கணும்."

பெண்கள் போன் செய்ய ஆரம்பித்தார்கள். முதலில் போலீசுக்குச் சொல்லவைப்பார். அப்புறம், அவர்கள் பொருள் எடுத்துக்கொண்டு இறங்கும்வரை பிளாக்குக்குக் கீழே போய் நிற்பார். ஒரு தடவை லிட்டில் இந்தியாவில், நடுத்தெருவில், ஒருத்தன் அக்காவை அறைந்ததில் பல் ஆடிப்போனது. டிஷ்யூவில் ரத்தத்தைத் துப்பிவிட்டு, அந்தப் பெண்ணிடம் "டாக்சி வந்துடுச்சு, ஏறும்மா" என்றார். நானும் கூட இருந்தேன். 

பொங்கோலிலும் அப்படித்தான் போய் நின்றிருக்கிறார். போலீஸ் வந்துகொண்டிருந்தது. அங்கிருந்த பெண்ணின் கணவன் வேலையிலிருந்து சீக்கிரமே திரும்பிவிட்டான். லிஃப்ட் திறந்தபோது கையில் பையோடு மனைவி, எதிரே இவன். அக்கா நடுவில் போய் நின்றுவிட்டார். முதல் குத்து அந்தப் பெண்ணின் கையில். மற்றதெல்லாம் அக்காவுக்கு.

அவனைப் பிடித்துவிட்டார்கள். வழக்கு நடக்கும். அவன் பெயரை இங்கே கமென்ட்டில் யாரும் எழுத வேண்டாம், இது அக்காவுக்கான பதிவு.

நேற்று பூன் லேயில் தம்பி பிளாக்கின் கீழே, வாய்ட் டெக்கில் அக்காவைக் கிடத்தியிருந்தார்கள். பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு பெண், முழங்கைவரை கட்டு. சின்ன வயசு. யாரோ நீட்டிய மைலோ அப்படியே கையில் ஆறிப்போயிருந்தது. பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"நீங்க அவங்களுக்குச் சொந்தமா?" என்று கேட்டாள்.

"கூட வேலை பாத்தவ."

"எனக்கு அவங்க பேரே தெரியாதுங்க. ‘பயப்படாம இறங்கி வாம்மா, கீழதான் நிக்கிறேன்’னு போன்ல சொன்னாங்க. இங்க பேரு எழுதி வச்சிருக்கிறதப் பாத்துத்தான் தெரிஞ்சுக்கிட்டேன்..."

அவள் கையிலிருந்த மைலோவை வாங்கிக் கீழே வைத்தேன். 

நாளை மதியம் மண்டாயில் தகனம். வர முடிந்தவர்கள் வாருங்கள்.

சண்டை போட்டது போதும்க்கா. படுங்க.