மாட்டுங்காவில் ஞாயிறுதோறும் ஐந்து சுற்று

இலவசமாகக் கொடுக்கிறவனைத்தான் உலகம் அதிகம் குறுக்கு விசாரணை செய்யும். மும்பை மாட்டுங்காவில் ஒரு தோட்டத்தைச் சுற்றி ஞாயிறுதோறும் காலை ஆறேகாலுக்கு ஐந்து கிலோமீட்டர் ஓட்டம் நடத்தும் கூட்டத்தில் நானும் ஒருவன். கட்டணம் கிடையாது, பரிசும் கிடையாது. ஓடலாம், நடக்கலாம், நடுவில் நின்று கதையும் பேசலாம். தோட்டத்தை ஒரு முறை சுற்றினால் ஒரு கிலோமீட்டர். ஐந்து முறை சுற்றினால் முடிந்தது. யார் எத்தனையாவதாக வந்தார், எவ்வளவு நேரத்தில் வந்தார் என்ற பட்டியல் மத்தியானத்துக்குள் எல்லோருடைய போனுக்கும் போய்விடும். முடிவுக் கோட்டில் ஸ்டாப்வாட்சோடு நிற்பது என் வேலை. ஆறு வருஷமாக நிற்கிறேன்.

ஹவுசிங் சொசைட்டியில் செயலாளராக இருந்தவர்கள், அன்னதான வரிசையை ஒழுங்குபடுத்தியவர்கள், கல்யாண வீட்டில் பந்தி விசாரித்தவர்கள், இவர்களுக்கெல்லாம் நான் சொல்லப்போவது புதிதாக இருக்காது. நாமெல்லாம் ஒரே வார்டு நோயாளிகள்.

சும்மாவா?

தங்கராஜ் தாராவியில் சூட்கேஸ் பட்டறை வைத்திருப்பவர். ஊர் திருநெல்வேலிப் பக்கம். ஒரு ஞாயிறு காலை, ஓட்டம் தொடங்கப் பத்து நிமிஷம் இருக்கும்போது, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு என்னிடம் வந்தார். பீஸ் எவ்வளவு என்று கேட்டார். இல்லை என்றேன். பனியன் உண்டா? இல்லை. மெடல்? இல்லை. முடித்த பிறகு வாழைப்பழமாவது? அதுவும் இல்லை. "பெறகு என்னத்துக்கு அண்ணாச்சி காலிபீலி, சும்மா ஓடணும்?" என்றார். உடம்புக்கு நல்லது என்றேன். அந்தப் பதில் அவருக்குச் சந்தேகத்தைத்தான் அதிகமாக்கியது.

சுற்றி ஒரு பார்வை பார்த்தார். எங்கள் ஆட்கள் ஆரஞ்சு நிற மேல்சட்டை போட்டுக்கொண்டு ஆளுக்கொரு மூலையில் நின்றிருந்தார்கள். இவர்களுக்குச் சம்பளம் யார் தருகிறார்கள் என்று கேட்டார். யாரும் தருவதில்லை என்றேன். நீங்கள் வீட்டில் கோபித்துக்கொண்டு வந்துவிட்டீர்களா என்று கேட்டார். இல்லை என்று சத்தியம் செய்தேன். கடைசியில் செருப்பைக் கழற்றி ஒரு மரத்தடியில் விட்டுவிட்டு, வெறுங்காலோடு வரிசையில் போய் நின்றுகொண்டு சொன்னார்: "ஒண்ணும் கேக்காம கூப்பிடுதானுவன்னா ஒண்ணு சாமி காரியமா இருக்கணும், இல்ல எலெக்‌ஷனா இருக்கணும். நீங்க எதுன்னு நாலு வாரம் பாத்துட்டுச் சொல்லுதேன்."

பின்னாலேயே வருகிறவன்

ஜெயராணி அக்காவுக்கு நாற்பத்தெட்டு வயது. மாட்டுங்கா லேபர் கேம்பில் வீடு, தாராவியில் ஒரு துணிப் பட்டறையில் காஜா பட்டன் வேலை. இருபது வருஷம் உட்கார்ந்தே வேலை செய்ததில் சர்க்கரை வந்துவிட்டது. டாக்டர் நடக்கச் சொன்னதால் அக்கா எங்களிடம் வந்தார். ஏழு மாதத்தில் ஒரு மாத்திரை குறைந்தது. ஓட்டம் முடிந்ததும் நேராகச் சர்ச்சில் எட்டு மணிப் பூசைக்குப் போய்விடுவார். ஐந்து சுற்றுக்கும் அவருக்கு ஒரே வேகம்தான். மொத்தம் அறுபத்திரண்டு நிமிஷம் ஆகும், அதனால் வாராவாரம் அவர்தான் கடைசி.

கடைசி என்று நாங்கள் சொல்ல மாட்டோம். எங்கள் ஓட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. கடைசியாக வருகிறவருக்குப் பின்னால் எங்கள் ஆள் ஒருவர் நடந்து வருவார். அவருக்கு 'வால்' என்று பெயர். கோட்டைக் கடைசியாகத் தாண்டுவது எப்போதும் வால்தான் என்பதால், ஓட வந்த யாரும் கடைசி ஆவதில்லை. செம்பூரில் பேங்கில் வேலை பார்க்கும் பிரகாஷ்தான் எங்கள் நிரந்தர வால். மும்பையிலேயே பிறந்து வளர்ந்த, சத்தமாகப் பேசத் தெரியாத பையன். முதல் நாளே அவனை ஜெயராணி அக்கா நிறுத்தி, "ஏம் தம்பி, போலீஸ் மாதிரி பின்னாடியே வாற? ஒனக்கு வேற சோலி இல்லையா?" என்று கேட்டுவிட்டார்.

ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதன் கழிந்த ஞாயிறு. அன்றும் அவருக்குப் பின்னால் பிரகாஷ் மட்டும்தான் வந்தான். தண்ணீர் குடித்துக்கொண்டே விஷயத்தைச் சொன்னார். பட்டியல் போனில் வந்ததும் அவர் மகள் அதைக் கீழேயிருந்து மேலாகப் படிக்கிறாளாம். இரண்டாவது வரியிலேயே அம்மா பெயர் வந்துவிடுவதால், வேலை சீக்கிரம் முடிகிறது என்று சிரிக்கிறாளாம். புருஷனும் சேர்ந்துகொள்கிறாராம். நான் எங்கள் வழக்கத்தை விளக்கினேன். அக்கா தம்ளரைக் கீழே வைத்தார். "ஆள வச்சுக் கடைசியாக்கினா அது கணக்காவுமா அண்ணாச்சி? சொந்தமா ஓட வந்த ஒரு ஆளு எனக்குப் பின்னாடி வரணும். ஈஸ்டருக்குள்ள வரலைன்னா நான் வீட்லயே கெடந்துக்கிடுதேன்."

ரப்பர் பேண்டு வேண்டாதவர்

ஐந்து சுற்று என்பது கேட்க எளிது. மூன்றாவது சுற்றில் மனிதனுக்கு எது மறந்தாலும் முதலில் மறப்பது எண்ணிக்கைதான். அதனால் ஒவ்வொரு சுற்று முடிவிலும் ஆளுக்கொரு ரப்பர் பேண்டு கொடுப்போம். மணிக்கட்டில் போட்டுக்கொள்ள வேண்டும். ஐந்து சேர்ந்ததும் முடிவுக் கோட்டுக்குத் திரும்பலாம்.

வெங்கட்ராமன் சார் அணுசக்தி நகரிலிருந்து வந்தவர். அளவுக் கருவிகள் சரியாக அளக்கின்றனவா என்று சோதித்தே முப்பது வருஷம் உத்தியோகம் பார்த்தவர். எங்கள் ரப்பர் பேண்டை இரண்டு விரலால் பிடித்து ஆராய்ந்துவிட்டு, "எனக்கு எண்ணத் தெரியும்" என்று திருப்பிக் கொடுத்தார். ஐந்தாவது சுற்று முடிந்து முடிவுக் கோட்டைக் கடந்து போனார். கையைக் காட்டினோம், கூப்பிட்டோம். உற்சாகப்படுத்துகிறோம் என்று நினைத்துப் பதிலுக்குக் கையசைத்துவிட்டு ஆறாவது சுற்றுக்குப் போய்விட்டார். திரும்பி வந்ததும் தன் நேரத்தைப் பார்த்தார். நாற்பத்தெட்டு நிமிஷம். ஸ்டாப்வாட்சு பழுது என்றார். ஆறு சுற்று ஓடினீர்கள் என்றேன். "நான் தப்பா எண்ணலை. நீங்க ஒண்ணுலேர்ந்து எண்றேள். நான் பூஜ்யத்துலேர்ந்து எண்ணினேன்" என்றார். அது ஏன் சரியான முறை என்று மண்ணில் குச்சியால் கோடு போட்டு விளக்க ஆரம்பித்தார்.

அவர் விளக்கி முடிப்பதற்குள் ஜெயராணி அக்கா ஐந்து சுற்றையும் முடித்துக்கொண்டு வந்துவிட்டார். பின்னால் வழக்கம்போல் பிரகாஷ். என்ன தகராறு என்று கேட்டுத் தெரிந்துகொண்டதும் என் மேல்தான் கோபப்பட்டார்: "அவசரப்பட்டு நிப்பாட்டிட்டியளே! இன்னும் ரெண்டு சுத்து விட்டிருந்தா மனுசன் எனக்குப் பின்னாடி வந்திருப்பாருல்ல?"

பதின்மூன்றாவது ஆள்

கோட்டைத் தாண்டியதும் ஒரு பிளாஸ்டிக் வில்லை கொடுப்போம். அதில் உங்கள் இடத்தின் எண் இருக்கும். மேஜையில் அதைக் காட்டிப் பெயரைப் பதிந்துவிட்டு வில்லையைத் திருப்பித் தந்துவிட வேண்டும். இதில் எங்களுக்குத் தீராத தலைவலி பதின்மூன்றாம் எண்.

உல்லாஸ்நகரில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் ஒருவர் முதல் ரயிலைப் பிடித்து வருவார். அன்று பன்னிரண்டு பேர் முடித்தாயிற்று. அடுத்தது அவர்தான். கோட்டுக்கு இரண்டு அடி முன்னால் சடாரென்று நின்றார். பின்னால் வந்த ஐ.டி. கம்பெனி இளைஞரைப் பார்த்து, நீங்கள் முதலில் போங்கள் என்று மரியாதையாகக் கையைக் காட்டினார். இளைஞரும் எண்ணிக்கொண்டேதான் வந்திருக்கிறார். அவரும் நின்று, பெரியவர் நீங்கள் போங்கள் என்றார். உயிரைக் கொடுத்து இருபத்தாறு நிமிஷம் ஓடி வந்த இரண்டு பேர், கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்று உபசாரம் பேசிக்கொண்டிருந்தார்கள். என் ஸ்டாப்வாட்சு ஓடிக்கொண்டே இருந்தது. மூன்றாவது சுற்றில் அந்தப் பக்கமாகப் போன ஜெயராணி அக்கா, "நான் வாற வரைக்கும் ரெண்டு பேரும் அங்ஙனயே நில்லுங்க, புண்ணியமாப் போகும்!" என்று கத்திவிட்டுப் போனார்.

அவருக்கு அந்தப் பாக்கியம் இல்லை. எட்டாவது படிக்கும் ஒரு பெண் அவர்கள் இருவருக்கும் நடுவில் புகுந்து ஓடி, வில்லையைப் பிடுங்கிக்கொண்டாள். மூச்சு வாங்கத் திரும்பி, இரண்டு பெரிய மனிதர்களையும் ஏற இறங்கப் பார்த்தாள். "க்யா அங்கிள், இதுல என்ன பிராப்ளம்? என் ரோல் நம்பரே தேர்ட்டீன்தான். ஃபர்ஸ்ட் ரேங்க் நான்."

வாடகைத் தோல்வி

தவக்காலத்தின் நாலாவது ஞாயிறும் வந்துவிட்டது. அக்காவுக்குப் பின்னால் ஓர் ஆளும் இல்லை. அவர் நின்றுவிட்டால் அடுத்த மாதம் மாத்திரை மறுபடி ஏறிவிடும் என்பது எங்களுக்குத் தெரியும். அதிகம் வருத்தப்பட்டது பிரகாஷ்தான். ஏழு மாதமாக அவர் முதுகைப் பார்த்தே நடந்தவன் அவன். அன்று யாரிடமும் சொல்லாமல் தன் மச்சானைக் கூட்டி வந்தான். மச்சான் நல்ல ஓட்டக்காரர். அக்காவுக்குப் பத்தடி பின்னால் கடைசி வரை நடக்க வேண்டும் என்பது ஏற்பாடு.

முதல் சுற்று ஒழுங்காகத்தான் போனது. அக்கா இரண்டு தடவை திரும்பிப் பார்த்துச் சந்தோஷப்பட்டார். மூன்றாவது தடவை சந்தேகப்பட்டார். தேய்ந்த ஷூவும் முறுக்கேறிய கெண்டைக்காலும் இப்படி நடக்கிறவனுக்குப் பொருந்தவில்லை. சோதித்துப் பார்த்தார். சேலையைச் சரிசெய்கிற சாக்கில் நின்றார், மச்சானும் நின்றார். குழாயடிக்குப் போய் முகம் கழுவினார், அவர் குழாய்க்கு அந்தப் பக்கம் மரத்தைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தார். அக்கா பெஞ்சில் உட்கார்ந்தார். மச்சான் குனிந்து, அவிழாத ஷூ லேசை அவிழ்த்துக் கட்ட ஆரம்பித்தார். அவ்வளவுதான். அக்கா அவர் கையைப் பிடித்து முன்னால் தள்ளி, "நீங்க போங்க" என்று அனுப்பிவிட்டு, பின்னால் வந்த பிரகாஷிடம் சொன்னதை அவனே எனக்குச் சொன்னான்: "எனக்குத் தோக்குறதுக்கு வாடகைக்கு ஆளு புடிச்சுட்டு வராத தம்பி. நெசமாவே தோக்குறவங்க இந்த ஊர்ல இல்லாமலா போயிட்டாவ?"

ஐந்தாவது ஞாயிறு

மறு வாரம் கார்த்திக் என்று ஒரு புதியவர் செம்பூரிலிருந்து வந்தார். முப்பத்தைந்து வயது, நல்ல கனத்த உடம்பு, அன்றுதான் டப்பாவிலிருந்து எடுத்த ஷூ, இதயத் துடிப்பைச் சொல்லும் கடிகாரம். விசில் அடித்ததும் கல்லூரிப் பையன்களோடு பாய்ந்தார். ஆறு வருஷ அனுபவத்தில் சொல்கிறேன், முதல் சுற்றில் இப்படிப் பாய்கிறவர்களை நாங்கள் தடுப்பதில்லை. இரண்டாவது சுற்று எங்களுக்காக அந்த வேலையைச் செய்துவிடும். அவருக்கும் செய்தது. மூன்றாவதில் கை இடுப்புக்குப் போனது. நாலாவதில் கடிகாரத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டார். உடம்புக்கு ஒன்றுமில்லையே என்று எங்கள் ஆட்கள் இரண்டு இடத்தில் நிறுத்திக் கேட்டார்கள். ஒன்றுமில்லை, முடித்துவிட்டுத்தான் போவேன் என்றார்.

கடைசி வளைவு முடிவுக் கோட்டிலிருந்து தெரியும். முதலில் கார்த்திக் திரும்பினார். பின்னால் நாற்பதடியில் ஜெயராணி அக்கா, அதே வேகத்தில். அவருக்குப் பின்னால் பிரகாஷ். நான் ஸ்டாப்வாட்சைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். இடைவெளி முப்பதடி, இருபதடி. தங்கராஜ் தன் ஓட்டத்தை எப்போதோ முடித்துவிட்டு எங்களோடு நின்றிருந்தவர், "எக்கா, விடாத!" என்று கத்தினார். அக்கா முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு, நாங்கள் பார்த்த அளவில் வாழ்க்கையில் முதல் முறையாக, ஓடினார். கார்த்திக்கைத் தாண்டும்போது அந்தப் பக்கம் திரும்பக்கூட இல்லை. பிரகாஷ் மட்டும் வேகத்தைக் குறைத்துப் புதியவருக்குப் பின்னால் நின்றுவிட்டான். அக்கா திரும்பிப் பார்த்தார். முதுகுக்குப் பின்னால் ஆரஞ்சுச் சட்டை இல்லை, ஓட வந்த ஓர் ஆள் இருந்தார். கோட்டைத் தாண்டினார். வில்லையை வாங்கினார். மேஜைக்குப் போய்ப் பெயரைப் பதிந்தார். பதிந்தாயிற்றா என்று இரண்டு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டார்.

பிறகு வந்த வழியே திரும்பிப் போனார். கார்த்திக் இன்னும் முப்பதடி தூரத்தில், முழங்காலில் கையூன்றி நின்றிருந்தார். அக்கா அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, மெதுவா வாங்க, மூச்சை விட்டுட்டு வாங்க என்று பேசிக்கொண்டே கோடு வரைக்கும் கூட நடந்தார். பின்னால் பிரகாஷ் முகமெல்லாம் சிரிப்பாக வந்தான். மேஜையில் பெயர் பதியும் அம்மாளுக்கு மனசு கேட்கவில்லை. "இவ்வளவு நல்ல மனசு இருக்கே, தாண்டும்போதே அவரோட நின்னிருக்கலாமே?" என்று கேட்டார். பூசைக்கு நேரமாகிறது என்று செருப்பை மாட்டிக்கொண்டிருந்த ஜெயராணி அக்கா நிமிர்ந்து பார்த்தார். "அப்ப நின்னா அவரு எனக்கு முன்னாடி போயிருவாருல்லா? மொதல்ல பேரு பதியட்டும். எரக்கப்படுததுக்கு எம்புட்டு நேரம் வேணும்னாலும் கெடக்கு."

அன்று முதலாவதாக வந்தவர் யார் என்று என்னைக் கேட்காதீர்கள், கடைசிக்கு முந்தைய இடத்துக்குப் போட்டி நடக்கும்போது அதையெல்லாம் யார் பார்த்துக்கொண்டிருப்பார்கள்?