மண்ணு டீச்சர் வகுப்பு

மற்ற டீச்சர்கள் பாடம் நடத்துவார்கள். எழுத்துக் கூட்டவே திணறும் பிள்ளைகளை உட்காரவைத்து நான் மணலில் கோடு கிழித்துக்கொண்டிருப்பேன். இந்த வேலையில் மாட்டியவர்களுக்குத் தெரியும், பாதி நாள் பெரியவர்களுக்குப் பதில் சொல்வதிலேயே போய்விடும். தொண்ணூறுகளில் கோவை பீளமேட்டுப் பள்ளி ஒன்றில் நான் பட்டது இது.

தட்டில் மணல்

தட்டில் மணலைப் பரப்பி, விரலால் எழுதிக்கொண்டே வாயாலும் சொல்லவைப்பேன். கையும் வாயும் சேர்ந்தால் எழுத்து மனதில் நிற்கும். பிள்ளைகள் 'மண்ணு டீச்சர்' என்று பேர் வைத்துவிட்டார்கள். சிந்தியதையெல்லாம் கூட்டுவது ஆயா ரங்கம்மா. ஒருநாள் விளக்குமாற்றை ஊன்றிக்கொண்டு கேட்டார்:

"ஏனுங்க டீச்சர், இந்தப் புள்ளைக படிக்குதுங்களா, இல்ல ஊடு கட்டுதுங்களா?"

பூங்கொடியின் அப்பா

பாட்டி வீட்டில் தங்கிப் படித்த ஐந்தாம் வகுப்புப் பூங்கொடி பலே கெட்டிக்காரி. அடுத்தவர் படிப்பதைக் கேட்டே மனப்பாடம் செய்து, புத்தகத்தைப் பார்த்து வாசிப்பதுபோல் ஒப்பிப்பாள். புதுப் பக்கத்தைத் திறந்தால் வாயே திறக்காது, அழுகைதான். குட்டு வெளிப்பட்டதும் என்னிடம் அனுப்பினார்கள்.

ஊரிலிருந்து, தொண்டாமுத்தூரிலிருந்து, அவள் அப்பா வந்தார், படிப்பை நிறுத்திவிடும் முடிவோடு. "மூளையில ஒரு குறையும் இல்லீங்க, எழுத்துதான் பிடிபடலை, கொஞ்சம் பொறுங்க" என்று கெஞ்சினேன். அவர் கோபப்படவே இல்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சொன்னார்:

"சரீங்க அம்மணி, முழுப் பரீட்சை வரைக்கும் பாருங்க. அப்புறமும் மண்ணைத்தான் கிளறோணும்னா, எங்க தோட்டத்துலயே வேண்டிய மட்டும் இருக்குதுங்க."

வேஷக்காரன்

என் வகுப்பில் மணல் உண்டு, சரியாக எழுதினால் நிலக்கடலை உண்டு, வீட்டுப்பாடம் கிடையாது என்ற செய்தி பரவியது. உடனே முதல் ரேங்க் கார்த்திக்கு எழுத்தெல்லாம் மறந்துபோனது. பதறிப்போன அவன் டீச்சர் என்னிடம் இழுத்துவந்தார். யாரும் பார்த்திராத புதுக் கதைப் புத்தகம் ஒன்றை நீட்டினேன். "யா... யா..." என்று இழுத்தான். நடிப்பு பிரமாதம்.

பக்கத்தில் மணலோடு இருந்த பூங்கொடி பொறுத்துப் பொறுத்துப் பார்த்தாள். சட்டென்று புத்தகத்தைப் பிடுங்கி, விரல் வைத்து, "யானை தோட்டத்துக்குள் வந்தது. வாழை மரத்தை முறித்தது" என்று முழுப் பக்கத்தையும் படித்துவிட்டாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. மணல் கையோடு துடைத்ததில் கண்ணெல்லாம் எரிச்சல். அவளோ கார்த்தியை இரக்கத்தோடு பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"பாவமுங்க டீச்சர், இவனுக்கு ஒண்ணுமே தெரியலை. நீங்க உடுங்க, நான் சொல்லித் தாரேன்."

அந்த ஜூனில் பூங்கொடி ஆறாம் வகுப்புக்கும் கார்த்தி தன் முதல் ரேங்குக்கும் போய்ச் சேர்ந்தார்கள். அந்த மண்ணு வகுப்பில் தேறாமல் நின்றது ரங்கம்மாவும் நானும்தான்.