எண்ணெய் குடிக்கும் எஞ்சின்

செய்த தவறை ஒருவரிடமும் சொல்லாமல், அதைச் சரி மட்டும் செய்துவிட்டால், அது தீர்ந்துவிடுமா? கொச்சியின் கொச்சங்காடியில், முன்பு மிளகு மூட்டை அடுக்கிவைத்த கிடங்கு ஒன்றின் பின்பாதியில் ஒர்க்‌ஷாப் நடத்தும் சங்கிலிப்பாண்டி இப்படி வாய்விட்டுக் கேட்டுக்கொண்டதில்லை. ஆனால் 2012 முதல் 2024 வரை பன்னிரண்டு வருடங்கள் அவர் செய்ததெல்லாம் இந்தக் கேள்விக்குள்தான் நடந்தது.

அவர் அருப்புக்கோட்டைக்காரர். தொண்ணூற்று நான்கில் கொச்சிக்கு வந்து, பள்ளுருத்தியில் ஒரு லாரி ஷெட்டில் ஏழு வருடம் வேலை பார்த்துவிட்டுத் தனியாகத் தொழில் தொடங்கினார். அம்பாசடர், ஜீப், டெம்போ ஆகியவை அவர் கை பழகிய வண்டிகள். பெரிய திறமைசாலி என்று சொல்ல முடியாது. சொன்ன தேதியில் வண்டியைத் தருவார். மாற்றாத பாகத்தை மாற்றியதாகச் சொல்லமாட்டார். இந்த இரண்டுக்காக மட்டாஞ்சேரியில் அவருக்கு ஒரு பெயர் இருந்தது.

அந்தப் பெயரைக் கேட்டுத்தான் வெங்கிடராமன் தன் காரைக் கொண்டுவந்தார். பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பம், மூன்று தலைமுறையாக மட்டாஞ்சேரி. வெலிங்டன் தீவில் ஒரு தேயிலை ஏலக் கம்பெனியில் தேநீரை ருசி பார்த்துத் தரம் பிரிக்கும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். அவரிடம் 1983ஆம் வருடத்து மாஸ்தா ஆர்எக்ஸ்-7 ஒன்று இருந்தது. சிங்கப்பூரிலிருந்து திரும்பிய மைத்துனர் கப்பலில் கொண்டுவந்து, பிறகு இவரிடமே விட்டுப்போன ஜப்பான் கார். சிவப்பு நிறம், தாழ்ந்த மூக்கு, பொத்தானை அழுத்தினால் இமை திறப்பதுபோல் எழும் விளக்குகள். ஞாயிற்றுக்கிழமை காலைகளில் கும்பளங்கி வரை ஓட்டிப்போய் வருவார். அந்தச் சத்தம் கேட்டு மணி சொன்னவர்கள் உண்டு.

சங்கிலிப்பாண்டியை ஊர் மலையாளிகள் ‘பாண்டி’ என்றுதான் கூப்பிட்டார்கள். பெயரைச் சுருக்குகிறார்களா, தமிழன் என்று இளக்காரம் செய்கிறார்களா என்று பிரித்தறிய வழியில்லை. வெங்கிடராமன் மட்டும் முழுப் பெயரும் சொல்லி, ‘வாங்கோ, போங்கோ’ என்று பேசினார். அந்த மரியாதையைச் சங்கிலிப்பாண்டி வீட்டில் போய்ச் சொல்லிக்கொள்வார்.

வண்டியின் குறை சிறியது. எண்ணெய் குறைகிறது, புகைக் குழாயில் கொஞ்சம் நீலப் புகை. எண்ணெய் எரிக்கும் எஞ்சின் நோயாளி என்பது அவர் கற்ற முதல் பாடம். மூடியைத் திறந்து பார்த்தவருக்குக் காரணம் உடனே கண்ணில் பட்டது. எஞ்சினின் முன்புறத்திலிருந்த சின்னப் பம்பிலிருந்து இரண்டு மெல்லிய குழாய்கள் கிளம்பி, எண்ணெயைக் கொண்டுபோய் நேராகக் கார்புரேட்டரில் விட்டன. எண்ணெயைப் பெட்ரோலோடு சேர்த்து எரிக்க எந்த மடையன் குழாய் போட்டான் என்று நினைத்தார். முன்னால் கைவைத்த யாரோ செய்த கோளாறு என்று முடிவு செய்தார். லேத்தில் இரண்டு சின்னப் பித்தளை அடைப்பான்களைக் கடைந்து, குழாய்கள் கார்புரேட்டரில் சேரும் துளைகளை அடைத்தார். புகை நின்றது. எண்ணெய் குறையவில்லை. வெங்கிடராமன் ஏலக் கம்பெனிப் பழைய நண்பர்களிடமெல்லாம் அவர் பெயரைச் சொன்னார்.

நான்கு மாதம் கழித்துத் தோப்பும்படிப் பாலத்தில் வண்டி நின்றது. நின்றது நின்றதுதான்.

எஞ்சினைக் கழற்றிப் பார்த்தார். இந்த வகை எஞ்சினில் பிஸ்டன் கிடையாது. முக்கோணமான ஓர் இரும்புத் துண்டு கூட்டுக்குள் சுழலும். அதன் மூன்று முனைகளிலும் உள்ள மெல்லிய பட்டைகள், சீல் என்பார்கள், கூட்டின் சுவரை ஓயாமல் உரசிக்கொண்டு போகும். சீல்கள் தேய்ந்து கரைந்திருந்தன. கண்ணாடிபோல் இருக்க வேண்டிய சுவரில் ஆணியால் கீறியது போல் கோடுகள். ஏன் என்று அவருக்குப் புரியவில்லை. அவருடைய ஊர்க்காரன் மாரிச்செல்வம் மலேசியாவில் கிள்ளானில் பழைய கார்களை உடைத்து விற்கும் யார்டில் வேலை பார்த்தான். அவனுக்குப் போன் செய்தார். மாரிச்செல்வம் அங்கிருந்த ஒரு சீன மெக்கானிக்கைக் கேட்டுவிட்டுத் திரும்பக் கூப்பிட்டான்.

“அண்ணே, அந்த எஞ்சின் எண்ணெய் குடிச்சாத்தான் உசுரோட இருக்குமாம். நம்ம பழைய ஸ்கூட்டருக்குப் பங்க்ல ஆயில் கலந்து ஊத்துவோம்ல, அது மாதிரி. சீலுக்கு வழவழப்பு அதுதானாம். யாராச்சும் அந்தக் குழாய அடைச்சுட்டாங்களான்னு கேக்குறாரு.”

“இல்லப்பா,” என்றார் சங்கிலிப்பாண்டி.

அதுதான் அவர் முதலில் சொன்ன பொய். இரண்டாவது பொய்யைச் சொல்லத் தேவையே வரவில்லை. வெங்கிடராமன் எதையும் கேட்கவில்லை. “வயசாயிடுத்து அதுக்கும். பாத்துப் பண்ணுங்கோ, சங்கிலிப்பாண்டி. அவசரமில்லை,” என்றார். அவர் திட்டியிருந்தால் அன்றைக்கே சொல்லியிருப்பேன் என்று சங்கிலிப்பாண்டி பின்னாளில் மனைவி கற்பகத்திடம் சொன்னார். எஞ்சினை மறுபடி ஓடவைத்து, ஓடுகிற எஞ்சினின் பக்கத்தில் நின்று உண்மையைச் சொல்லிவிடுவது என்று அவர் தனக்குள் முடிவு செய்தார். வெறுங்கையோடு போய் மன்னிப்புக் கேட்பது அவருக்குப் பிச்சை கேட்பதுபோல் பட்டது. இரண்டு பித்தளை அடைப்பான்களையும் தைல டப்பா ஒன்றில் போட்டு வைத்தார்.

ஒரு வருடத்தில் முடிந்துவிடும் என்று நினைத்திருந்தார். இந்தியாவில் அந்த எஞ்சினுக்கு எவரிடமும் பாகம் இல்லை. மாரிச்செல்வம் கிள்ளானில் தேடினான். அங்கே ஜப்பானிலிருந்து கார்களின் முன்பாதியை மட்டும் வெட்டிக் கப்பலில் கொண்டுவருவார்கள். அந்தக் குவியலில் இந்த மாடல் வருடத்துக்கு ஒன்று வந்தால் பெரிது. வாங்கியதைத் தபாலில் அனுப்ப முடியாது. கோலாலம்பூரிலிருந்து கொச்சிக்கு விமானம் ஏறும் தெரிந்தவர் பெட்டியில் இடம் இருக்க வேண்டும். அவர் மனமும் இசைய வேண்டும். முதலில் சீல்கள் வந்தன. இரண்டு மில்லிமீட்டர் தடிமன். இந்த எஞ்சினுக்கு மூன்று வேண்டும். பிந்தைய மாடலின் சீல்கள் அவை. கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே அன்று முழுக்க உட்கார்ந்திருந்தார். சரியான சீல்கள் வர இன்னும் பதினாறு மாதம் ஆயிற்று.

அந்த எஞ்சினில் இரண்டு முக்கோணங்கள்; அவற்றுக்கு வெளிக்கூடுகளும் இரண்டு வேண்டும். முதலாவதை மாரிச்செல்வத்தின் அம்மா, மகனைப் பார்க்கப் போய்த் திரும்பியபோது, கைலியில் சுற்றிக் கொண்டுவந்தாள். நெடும்பாசேரி விமான நிலையத்தில் பெட்டியைத் திறக்கச் சொன்ன அதிகாரி அந்த அலுமினிய வளையத்தை உருட்டிப் பார்த்து என்ன இது என்று கேட்டிருக்கிறார்.

“மாவாட்டுற கிரைண்டரோட கூடுன்னு சொன்னேன்,” என்றாள் கிழவி. “உங்க ஊர்ல எல்லாம் இவ்வளவு பெருசாவா மாவாட்டுவீங்கன்னு கேட்டான். எம் மகனுக்கு எட்டுப் பிள்ளைன்னேன். சிரிச்சுட்டு விட்டுட்டான்.”

இரண்டாவது கூடு வர நான்கு வருடம் ஆனது. நடுவே கொரோனா வந்து விமானமே நின்றது. ஒவ்வொரு மார்கழியிலும் கடலையொட்டிய காயலின் நீர் ஏறிக் கிடங்குக்குள் கணுக்கால் அளவு நின்றது. உப்புத்தண்ணீர் படாமலிருக்க வண்டியை நான்கு செங்கல் திட்டுகளின் மேல் ஏற்றிவைத்தார். வேறு வண்டிகளுக்கு இருந்த இடம் சுருங்கியது. வாடிக்கையாளர்கள் குறைந்தார்கள். எடப்பள்ளியில் ஒரு பெரிய சர்வீஸ் சென்டரில் சூப்பர்வைசர் வேலைக்குக் கூப்பிட்டார்கள், போகவில்லை. மாரிச்செல்வம் கிள்ளானுக்கே விசா எடுத்துத் தருவதாகச் சொன்னான், அதற்கும் போகவில்லை. இந்த வண்டிக்கு அவர் கூலி வாங்கவில்லை என்பது கற்பகத்துக்குத் தெரிந்தபோது ஐந்து வருடம் ஓடியிருந்தது.

“அந்தச் செவப்பு வண்டியவே கட்டியிருக்கலாம்ல,” என்றாள். “அதுக்கும் பேச வராது. ரெண்டு பேரும் ஒத்துப் போயிருப்பீங்க.”

அப்போதுதான் அவளிடம் சொன்னார். அவள், “போய்ச் சொல்லிட்டு வாங்க. சாமி நல்ல மனுசன்தான,” என்றாள். நல்ல மனுசன் என்பதால்தான் சொல்ல முடியவில்லை என்றார் அவர். இது ஒரு விதமான அகங்காரம் என்று படிப்பவருக்குத் தோன்றலாம். தோன்றினால் தவறில்லை. மன்னிப்பைக்கூடத் தன் நிபந்தனையில்தான் வாங்குவேன் என்று ஒருவர் பன்னிரண்டு வருடம் அடம்பிடிப்பதைப் பணிவு என்று சொல்ல முடியாது.

வெங்கிடராமன் மாதம் ஒருமுறை ஆட்டோவில் வந்து பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து சாயா குடித்துவிட்டுப் போவார். எப்போது முடியும் என்று ஒருநாளும் கேட்கவில்லை. கிளம்பும்போது, “உம்மை மாதிரி ஒருத்தர் கிடைக்க மாட்டா,” என்பார். அந்த வாக்கியத்துக்குப் பிறகு ஒரு மணி நேரத்துக்கு சங்கிலிப்பாண்டிக்குக் கை வேலையில் நிற்காது.

2024 பிப்ரவரியில், ஒரு வியாழக்கிழமை காலை பத்தரை மணிக்கு எஞ்சின் ஓடியது. மூன்று முறை இருமி, பிறகு சீராக. எண்ணெய்க் குழாய்கள் தத்தம் இடத்தில் இருந்தன. புகைக் குழாயில், இருக்க வேண்டிய அளவுக்கு, மெல்லிய நீலப் புகை. எண்பத்தொரு வயது வெங்கிடராமன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பெங்களூரில் வேலை பார்க்கும் அவர் மகள் விஷ்ணுப்ரியா லீவு போட்டு வந்து பக்கத்தில் நின்றாள். சங்கிலிப்பாண்டி எஞ்சினை அணைத்தார். கையைத் துணியில் துடைத்தார்.

“சாமி, ஒண்ணு சொல்லணும். அன்னைக்கு வண்டி நின்னது வயசாகி இல்ல. நான் அந்தக் குழாய அடைச்சேன். தெரியாமத்தான் அடைச்சேன். ஆனா அடைச்சது நான்.”

வெங்கிடராமன் சாயாக் கிளாஸைத் தரையில் வைத்தார்.

“நேக்குத் தெரியுமே,” என்றார்.

சொன்னது புரியாதவர்போல் சங்கிலிப்பாண்டி விஷ்ணுப்ரியாவைப் பார்த்தார். அவள்தான் விளக்கினாள். வண்டி நின்ற வாரமே, அதற்கு முந்தைய மாதம் அவள் எடுத்துவைத்திருந்த எஞ்சின் படத்தை, இந்தக் கார் வைத்திருப்பவர்கள் கூடும் இணையக் குழு ஒன்றில் போட்டுக் காரணம் கேட்டிருக்கிறாள். ஒரு மணி நேரத்துக்குள் நான்கு நாட்டுக்காரர்கள் பித்தளை அடைப்பானைச் சுட்டிக்காட்டிவிட்டார்கள். அப்பாதான் உங்களிடம் சொல்ல வேண்டாம் என்றார் என்றாள். சொல்லும்போது அவள் வேறெங்கோ பார்த்தாள்.

“சொல்லியிருக்கலாமே சாமி.”

“சொல்லியிருந்தா என்னாகும்? ஒரு மாப்பு கேட்டிருப்பேள். நானும் போட்டும்னு விட்டிருப்பேன். வண்டி தோட்டத்துல கிடந்து இத்துப் போயிருக்கும்,” என்றார் வெங்கிடராமன். குரலில் கெட்ட எண்ணம் துளியும் இல்லை. ஒரு நல்ல தேயிலையை இனம் கண்ட பழைய நாட்களைச் சொல்வதுபோல் சொன்னார். “மனசுல உறுத்தல் இருக்கிற ஆளாக்கும் நீர். அது நேக்குத் தெரிஞ்சுது. கூலிக்கு வந்தவன் எவன் பன்னெண்டு வருஷம் ஒரு வண்டியோட உக்காருவான்?”

பிறகு வழக்கம்போல், உம்மை மாதிரி ஒருத்தர் கிடைக்க மாட்டா என்றார். அதைப் பாராட்டாகவே சொன்னார் என்பதுதான் இதில் மிகவும் கசப்பானது.

மூன்று நாள் ஒர்க்‌ஷாப் திறக்கவில்லை. கிடங்குச் சொந்தக்காரர் வந்து பூட்டைப் பார்த்துவிட்டுப் போனார். வீட்டில் சங்கிலிப்பாண்டி சாப்பிட்டார், தூங்கினார், டிவி பார்த்தார். அந்தக் காரைக் காயலில் கொண்டுபோய்த் தள்ளுங்கள் என்று கற்பகம் சொன்னாள். ஊரில் கதை பரவியபோது, வண்டியை இனித் தரமாட்டான் என்று சிலரும், எஞ்சினை உடைத்துவிட்டுத்தான் தருவான் என்று சிலரும் சொன்னார்கள்.

நான்காம் நாள் காலையில் அவர் வண்டியைத் தானே ஓட்டிக்கொண்டு கும்பளங்கி வரை போய்த் திரும்பினார். அதுவரை அவர் அதை ஐம்பது அடிக்கு மேல் ஓட்டியதில்லை. திரும்பி நேராக வெங்கிடராமன் வீட்டு வாசலில் நிறுத்தினார். மூடியைத் திறந்து எஞ்சின் ஆறும்வரை மதிலோரம் நின்றார். வெங்கிடராமன் வெளியே வந்து உட்கார்ந்ததும் கருவிப் பையைத் திறந்து, இரண்டு எண்ணெய்க் குழாய்களையும் கழற்றினார். தைல டப்பாவிலிருந்து அந்தப் பழைய பித்தளை அடைப்பான்களை எடுத்து, கார்புரேட்டரில் குழாய் நுழையும் துளைகளில் முறுக்கினார். பம்பின் வாயைத் தகடு வைத்து மூடினார்.

பிறகு, இருமல் மருந்தோடு வரும் பிளாஸ்டிக் குவளை ஒன்றையும் ஒரு டப்பா எண்ணெயையும் பெரியவர் கையில் கொடுத்தார். இனிப் பத்து லிட்டர் பெட்ரோல் போட்டால் இந்தக் குவளையால் ஏழு முறை எண்ணெய் அளந்து டேங்கில் ஊற்ற வேண்டும் என்றார். இப்படியும் இந்த எஞ்சினை ஓட்டுவார்கள், கெடுதல் இல்லை. ஆனால் ஒருமுறை மறந்தாலும் உள்ளே கீறும். நாளைக்கு வேறு ஒருவர் ஊற்றினாலும் அளவை நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். கழற்றிய குழாய்களைத் துணியில் சுற்றித் தன் பையில் வைத்துக்கொண்டார்.

வெங்கிடராமன் குவளையைக் கண்ணருகே கொண்டுபோய் அதன் கோடுகளைப் பார்த்தார்.

“அந்தப் பம்பு நன்னாத்தானே இருக்கு, சங்கிலிப்பாண்டி?”

“நல்லா இருக்கு சாமி. இனி இதோட உக்கார்றது உங்க முறை,” என்றார் அவர். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, கொடுத்த சாயாவைக் குடிக்காமல், பள்ளுருத்தி பஸ் நிற்கும் இடத்துக்கு நடந்தார்.