ஆடியோ வேண்டாம் என்றேன்

போன வாரம் ஜமுனாமரத்தூரில் மூடுபனி. சங்க ஆபீஸ் ஜன்னலுக்கு வெளியே சாலை இல்லை, பஸ் இல்லை... ஹாரன் மட்டும் மிதந்து வந்தது. அந்த வெள்ளைக்குள்ளிருந்து செல்வி வந்தாள். பின்னால் அவள் கொழுந்தன் கோவிந்தன். இருவருமே என்னிடம் படித்தவர்கள்.

"சார், எங்க வூட்டுக்காரரு பேசினத போடுங்க. மூணு புளியமரமும் தன்னுதுன்றாரு இவரு, காதால கேக்கட்டும்."

நான் பிரிண்டரை ஆன் செய்தேன்.

எங்கள் விவசாயிகள் சங்கத்தில் மூன்று கம்ப்யூட்டர்கள். மலைக்காரர்களின் நிலம், மரம், விதை விவரங்களை எல்லாரும் பார்க்கும்படி ஒரே டேட்டாபேஸில் சேர்த்தோம். எந்த வகை ஃபைல்களை அதில் வைக்கலாம்? முடிவு செய்யும் பொறுப்பு, ரிட்டயர்டு வாத்தியாரான எனக்கு. பி.டி.எஃப். சரி. எக்ஸெல் சரி. போட்டோ, போனால் போகட்டும். ஆடியோ? கூடாது. தேட முடியாது, இடத்தை அடைக்கும் – நீட்டி முழக்கினேன். படித்தவன் சொன்னால் யார் மறுப்பார்கள்?

செல்வியின் கணவர் சாவதற்கு முன் தன் புளியமரங்களினூடே நடந்து, எது மனைவிக்கு, எது தம்பிக்கு என்று சொல்லியிருந்தார். அவள் அதைப் போனில் பதிந்து எங்களிடம் கொடுத்தாள். நான் கேட்டு, டைப் செய்து, பி.டி.எஃப். ஆக்கி... குரலை அழித்துவிட்டேன். அவள் போனும் பிறகு மழையில் நனைந்து கெட்டுப்போயிற்று. சங்கத்தில் பத்திரமாக இருக்கிறது என்று நம்பியிருக்கிறாள்.

பிரிண்ட்டை நீட்டினேன். கோவிந்தன் சிரித்தான்.

"இது நீங்க அடிச்சது சார். எங்கண்ணன் இன்னா, பி.டி.எஃப்.லயா பேசுச்சு?"

"கொரல் எங்க சார்?" என்றாள் செல்வி.

"அழிச்சிட்டேம்மா."

கண்ணை மூடினேன். ஓடைச் சத்தம்... சருகு மிதிபடும் சத்தம்... ஓர் இருமல்... நான் டைப் செய்யாமல் விட்டவை எல்லாம் ஒவ்வொன்றாக வந்தன.

"ஒவ்வொரு மரத்தையும் உள்ளங்கையால தட்டிட்டுத்தான் பேசினாரு. உன்னோட மூணு மரத்துக்கும் ரெண்டு ரெண்டு தட்டு. தம்பி மரத்துக்கு ஒண்ணு," என்றேன் செல்வியிடம்.

கோவிந்தனின் சிரிப்பு நின்றது.

"எங்கப்பா பாகம் பிரிச்சப்போ அப்பிடித்தான் தட்டுச்சு. பெரியவனுக்கு ரெண்டு, சின்னவனுக்கு ஒண்ணு. வெளியாளுக்கு அது தெரியாது... அண்ணி, மூணும் நீங்களே உலுக்கிக்கோங்க."

செல்வி எழுந்திருக்கவில்லை. "மரம் வந்துடுச்சு சார். அவரு கொரலு?"



டைப் அடிக்க முடியாததெல்லாம் தேவையில்லாதது என்று நினைப்பது எங்களைப் போன்ற படித்தவர்களின் வியாதி. அன்றே விதியை மாற்றினேன். நடந்ததை என் குரலில் சொல்லிப் பதிந்தேன். எங்கள் டேட்டாபேஸின் முதல் ஆடியோ ஃபைல், என் மன்னிப்பு.

அதில் ஓடைச் சத்தம் இல்லை.