மேகத்தின் குளிரும் மேல்மலையனூர் மண்ணும்

செஞ்சியில் எங்கள் ஆபீஸ் வாசலில் மாட்டுவண்டி நின்றது. அதில் நாலு மூட்டை. பஷீர் பாய் இறங்கி வந்தார். செஞ்சி கடைத்தெருவில் பாத்திரக்கடை வைத்திருந்தவர். மேல்மலையனூர் பக்கம் அவருக்கு நாலு ஏக்கர் மானாவாரிக் கொல்லை. எண்பதுகளின் பிற்பகுதி, ஆடி மாதம்.

"மழ வரும்னு நம்பி வெத மல்லாட்டைய ஒடச்சிட்டேன் சார். இங்க ஒரு சொட்டு இல்ல. செக்குக்குப் போட்டுடட்டுமா?"

மல்லாட்டை என்கிற நிலக்கடலையைத் தோலோடு மாதக்கணக்கில் வைக்கலாம். உடைத்த பருப்பு நாளாக ஆக முளைக்கும் திறனை இழந்துவிடும். செக்குக்குப் போனால் அவருக்கு அந்த வருஷம் விதைப்பே இல்லை.

நான் மண் ஈரத் திட்டத்தில் லேப் அசிஸ்டென்ட். முற்றத்து மழைமானியில் வாரம் முழுக்கப் பூஜ்ஜியம். போடுங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். "இருங்க" என்றார் மேடம், சென்னையிலிருந்து வந்திருந்த விஞ்ஞானி.

மேகத்தின் உச்சி எவ்வளவு குளிர் என்று செயற்கைக்கோள் பார்க்கும். குளிர் கூடினால் மேகம் உயரம், மழையும் அதிகம் என்று ஒரு மதிப்பீடு. வரைபடத்தில் கட்டம் கட்டமாக அந்த அளவு எங்களுக்கு வரும். அதை மண்ணுக்கு வரவாக வைத்து, வெயிலும் காற்றும் உறிஞ்சுவதைக் கழித்தால் மிச்சம் ஈரம். கால்குலேட்டரில் கழிப்பது என் வேலை. மூன்று முறை போட்டேன். செஞ்சிக் கட்டம் வறட்சி. மேற்கே அடுத்த கட்டத்தில், மேல்மலையனூர் பக்கம், விதைக்கப் போதுமான ஈரம்.

"அங்கேர்ந்து பஸ்ல வந்தவங்கள கேட்டேம்மா, சும்மா தூறல்னாங்களே?"

"அவங்க மண்ணத் தோண்டியா பாத்தாங்க?"

"நீங்க மட்டும் தோண்டினீங்களா? வானத்துல குந்திக்கினு என் கொல்லைய எட்டிப் பாக்கறீங்க!"

மேடம் சிரித்துவிட்டார். "அப்ப வாங்க பாய், தோண்டிடலாம்."

மூட்டைகளை ஜீப்பில் ஏற்றினோம். வழியெல்லாம் எனக்குக் கவலை. கட்டம் பெரிது, கொல்லை சிறிது. மழை வரப்புக்கு அந்தப் பக்கம் பெய்திருந்தால்?

போய் இறங்கினால் மேல்மண் சாம்பலாய்க் கிடந்தது. பாய் என்னை முறைத்தார். ஆகர் என்கிற துளைக்கருவியைத் திருகி இறக்கினேன். மூன்று விரல் ஆழம் புழுதி. அதற்குக் கீழே மண் கறுத்து வந்தது. பாய் அதை எடுத்துப் பிடித்தார். கொழுக்கட்டை போல நின்றது. இன்னும் ஐந்து இடத்தில் துளைத்தேன். ஆறிலும் ஈரம்.

பாய் அண்ணாந்து பார்த்தார். "எங்க இருக்குதும்மா அது?"

"முப்பத்தாறாயிரம் கிலோமீட்டர் மேல. கண்ணுக்குத் தெரியாது."

"அங்கேர்ந்து என் மண்ணு நனஞ்சதப் பாத்துச்சா? யா அல்லா!"

"மண்ண பாக்கல பாய். மேகத்தோட குளிரத்தான் பாத்துச்சு."

மண்ணையே பார்க்காத ஒன்று சொன்ன ஈரம் என் விரலில் ஒட்டியிருந்தது. பக்கத்துக் கொல்லைக்காரர் அப்போதே பாய்க்காக ஏர் பூட்டினார்.

மறுநாள் மண்ணை ஓவனில் உலர்த்தி எடைபோட்டேன். கணக்கைவிட ஈரம் கொஞ்சம் குறைவு. புலம்பினேன்.

"பாய் வெதச்சிட்டாரு சார். நீங்க இன்னும் தசமப் புள்ளிக்கு அப்புறம் எண்ணிக்கிட்டு இருக்கீங்க" என்றார் மேடம்.

இந்த வேலைக்கு வரும் இளையவர்களுக்குச் சொல்வது இதுதான்: மேலிருந்து வரும் எண்ணைக் கேலி செய்யாதீர்கள்; அதை நம்பி நாற்காலியிலேயே உட்கார்ந்தும் விடாதீர்கள். அது காட்டும் இடத்துக்குப் போய் ஒரு துளை போடுங்கள்.

பத்து நாள் கழித்து அந்தக் கொல்லைக்குப் போனேன். முளைத்திருந்ததை முதல் உழவுசாலிலிருந்து எண்ண ஆரம்பித்தேன். மூன்றாம் சாலில் எண்ணுவதை விட்டுவிட்டு, சும்மா நின்று பார்த்தேன்.