இணைப்பு ஏழு: குழுப் புகைப்படம்

பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தையின் பெயர், முகவரி, படிக்கும் பள்ளி, புகைப்படம், அடையாளம் காட்டக்கூடிய வேறெந்த விவரமும் எந்த ஊடகத்திலும் வெளியாகக் கூடாது. சட்டம் இதைச் சுற்றி வளைக்காமல் சொல்கிறது. எனக்கு இது மனப்பாடம். அண்ணனூர் ரயில் நிலையத்திலிருந்து பத்து நிமிட நடையில் இருக்கும் பெண் குழந்தைகள் இல்லத்தில் கூட்டத்துக்குக் கூட்டம் ஒப்பித்தும் இருக்கிறேன். காபி வரும்வரை பொறுமையாகக் கேட்பார்கள்.

ஆவடியில் ஒரு தொழிற்சாலையின் நிர்வாகப் பிரிவில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். அந்த இல்லத்துக்கு நிதியுதவி விண்ணப்பங்களை நிரப்பித் தருவது என் வேலை. சம்பளம் இல்லை, விடுப்பும் இல்லை. ஒரு நிறுவனத்தின் அறக்கட்டளை தரும் நிதியில்தான் இல்லம் நடக்கிறது. போன முறை விண்ணப்பத்தை இணையதளத்தில் ஏற்றச் சொன்னார்கள். அதில் இணைப்பு ஏழு, 'பயனாளிகளின் குழுப் புகைப்படம்'. கட்டடத்தின் படத்தை வைத்திருக்கலாம். பிள்ளைகள் குனிந்து கோலம் போடும் படம்கூடக் கையில் இருந்தது, ஒரு முகமும் தெரியாது. ஆனால் குறைபாடுள்ள விண்ணப்பங்களைத் திருப்பி அனுப்பியே பதவி உயர்வு பெற்றவன், தன் விண்ணப்பத்தில் குறை வைப்பானா? பொங்கலன்று எடுத்த படத்தை ஏற்றினேன். ஒன்பது பெண்கள், ஒன்பது முகங்களும் பளிச்சென்று. படத்தின் கீழே 'அலுவலகப் பயன்பாட்டுக்கு மட்டும்' என்று தட்டச்சு செய்தேன். அந்த மூன்று சொற்களும் மதில் சுவர் என்று நம்பினேன்.

நிதியின் முதல் தவணை வந்தது. எல்லோரும் பாராட்டினார்கள்.

மார்ச் தொடக்கத்தில் ஒரு மத்தியானம், பிள்ளைகளைப் பள்ளிக்கு ஏற்றிப்போகும் ஆட்டோக்காரர் என்னை வழிமறித்தார். திருவேற்காட்டுக்காரர். முகமெல்லாம் சிரிப்பு.

"இன்னா சார், சொல்லவே இல்ல? நம்ம பாப்பாங்கோ எல்லாம் போன்ல வந்துகீறாங்கோ! சினிமா ஸ்டார் கணக்கா கீதுங்கோ பாரு!"

அறக்கட்டளையின் முகநூல் பக்கம். அதில் என் பொங்கல் படம். என் மூன்று சொற்களையும் அழகாக வெட்டி எடுத்திருந்தார்கள். இரண்டாம் வரிசையில் மூன்றாவதாக நின்றவளின் முகமும் பளிச்சென்று தெரிந்தது.

அவள் எட்டாம் வகுப்பு முடித்த கோடையில் தாய்மாமனுக்குக் கட்டிவைக்க நாள் குறித்தார்கள். அவள் பஸ் ஏறிப் பூந்தமல்லியில் இறங்கி, அங்கே நின்ற பெண் போலீஸிடம் போய், "என்னை வீட்டுக்கு மட்டும் அனுப்பாதீங்க" என்றாள். குழந்தைகள் நலக் குழு அவளை எங்கள் இல்லத்தில் சேர்த்தது. இருக்குமிடத்தை வீட்டாருக்குச் சொல்லக் கூடாது என்று உத்தரவு. அந்த மாமன் குழுவின் வாசலிலேயே, "எங்க வெச்சிருந்தாலும் தூக்கிட்டுப் போவேன்" என்று சத்தம் போட்டுவிட்டுப் போனவன்.

படத்தின் கீழே யாரோ ஒருவர், முகத்துக்குப் பதிலாக பைக்கின் படத்தை வைத்திருந்தவர், 'இது எந்த ஏரியா' என்று கேட்டிருந்தார். அதற்கு ஒரு பதிலும் இருந்தது: 'அண்ணனூர் ஸ்டேஷன் பக்கம் நைனா.'

"இதை யாரய்யா எழுதினது?"

"நான்தான் சார். ஒதவி பண்றவங்கோ யாராச்சும் வருவாங்கோன்னு..." என் முகத்தைப் பார்த்ததும் அவர் சிரிப்பு நின்றது. "தப்பு பண்ட்டனா சார்?"

"நான் பண்ணினதைவிடக் கம்மிதான். முதல்ல அதை அழிங்க."

அழித்தார். கேட்டவர் அதற்கு முன்பே கட்டைவிரல் தூக்கிக் காட்டியிருந்தார்.

அறக்கட்டளைக்குத் தொலைபேசினேன். ஒரு இளம்பெண். "அங்கிள், அந்தப் போஸ்ட் செம ரீச்! எங்க எம்.டி.யே ஷேர் பண்ணியிருக்கார். எடுக்கணும்னா மெயில் போடுங்க, அப்ரூவல் வரணும்."

நான் காரமாக எழுத உட்கார்ந்தேன். இல்லத்தின் காப்பாளரம்மா பின்னால் வந்து நின்றார். "சார், குழுவுக்கு நான் சொல்லிட்டேன். ஆனா இவங்களுக்குக் கொஞ்சம் பதமா எழுதுங்க. ரெண்டாவது தவணை நிக்குது. அது வரலைன்னா ஒன்பது பேரையும் நான் எங்க கொண்டுபோய் விடுவேன்?" பதமாகவே எழுதினேன். 'பணிவுடன் வேண்டுகிறேன்' என்று முடித்தேன். ஒரு வாரம் கழித்து முதல் நினைவூட்டு. பதில் இல்லை. 'பரிசீலனையில் உள்ளது' என்று எழுதி எத்தனை பேரை நான் காக்க வைத்திருக்கிறேன் என்பதை எண்ணாமல் இருக்க முயன்றேன்.

பள்ளி விடும் நேரத்துக்குத் தெருமுனை டீக்கடையில் போய் உட்காருவேன். செய்தித்தாளை விரித்திருப்பேன், படித்ததில்லை. பைக் சத்தம் கேட்டாலே எழுந்து தெருவை எட்டிப் பார்ப்பேன். அறுபத்தெட்டு வயது, மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும். அவன் வந்தால் என்ன செய்வேன்? சட்டத்தை ஒப்பிப்பேனா?

ஒருநாள் அவளே ஆட்டோவிலிருந்து இறங்கி என்னிடம் வந்தாள். "தாத்தா சார், போட்டோ நீங்க குடுத்ததாமே?"

"ஆமாம்மா."

"என்கிட்ட சொல்லியிருந்தா அன்னிக்கு பின்னாடி போய் நின்னிருப்பேன்ல." புத்தகப் பையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டாள். "மாமாவுக்கு எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும். ஆனா போட்டோவ ரெண்டு விரலால பெருசாக்கிப் பெருசாக்கிப் பாத்துக்கிட்டே இருப்பாரு."

அவளுக்குப் பத்தாம் வகுப்புத் தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது.

அதற்கடுத்த செவ்வாய்க்கிழமை ஆட்டோக்காரர் மூச்சிரைக்க ஓடிவந்தார். "சார், ஒருத்தன் ஸ்டாண்டாண்ட வந்து பொண்ணுங்க ஹோம் எங்க கீதுன்னு கேட்டான். அது மூடி ஆறு மாசம் ஆவுது அண்ணாத்தே, திருவள்ளூர் தாண்டிப் போய்ட்டாங்கோன்னு அனுப்பிட்டேன். நம்புனானான்னு தெர்ல சார். தெரு முக்குல நின்னு திரும்பித் திரும்பிப் பாத்துகினே போனான்."

அவன்தானா என்பது இன்றுவரை தெரியாது. காப்பாளரம்மா குழுவுக்கு மறுபடி போன் செய்தார். மறுநாள் காலை பத்து மணிக்கு வண்டி வந்தது. எங்கே கொண்டுபோகிறார்கள் என்று நான் கேட்கவில்லை, கேட்டாலும் சொல்லக் கூடாது. அவளுடைய தேர்வு நுழைவுச்சீட்டை நான்கு நகல் எடுத்துக் கையில் கொடுத்தேன். எனக்குத் தெரிந்த உதவி அதுதான்.

ஏறும்போது கேட்டாள்: "அங்கயும் அப்ளிகேஷன் எழுதறதுக்கு உங்களை மாதிரி யாராவது இருப்பாங்களா சார்?"

கேலி இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். "இருந்தா, போட்டோவுக்கு மட்டும் நிக்காதே" என்றேன்.

அன்று மாலை இரண்டாவது நினைவூட்டை எழுதினேன். பணிவு எதுவும் இல்லை. சட்டப் பிரிவு, தண்டனை, நகல் யார் யாருக்கு என்று வரிசையாகப் போட்டுப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். ரசீதை வாங்கிய கையோடு அடுத்த பயம் பிடித்துக்கொண்டது: நிதி நின்றுபோனால் மற்ற எட்டுப் பேர்? படம் அப்படியே இருந்தது. தினமும் பல் துலக்குமுன் திறந்து பார்த்தேன். அவள் முகத்தின் மேல் இரண்டு விரல்களை வைத்து, பிறகு எடுத்துவிடுவேன். தேர்வுகள் தொடங்கின, முடிந்தன. அவள் எழுதினாளா என்று சொல்ல யாரும் இல்லை.

பிறகு ஒருநாள் ஒரு வரி வந்தது, 'தங்கள் கோரிக்கை பரிசீலிக்கப்பட்டு, குறிப்பிட்ட படம் நீக்கப்பட்டது' என்று. மேலே 'பார்வை' என்ற இடத்தில் என் மூன்று கடிதங்களின் தேதிகளையும் பிசகாமல் குறித்திருந்தார்கள். அவர்கள் பதிலின் தேதி ஏப்ரல் இருபத்திரண்டு. அவள் வண்டி ஏறி ஒரு மாதம் ஆகியிருந்தது.