வேனுக்கு ஒரு காலிங் பெல்

எண்பதுகளில் ஆம்பூரில் நான் எலக்ட்ரிக் கடை வைத்திருந்தேன். தோல் பதனிடும் டேனரிகளுக்குச் சாயம் விற்கும் ஒருவர் தன் வேனைக் கடைமுன் கொண்டுவந்து நிறுத்தினார். உள்ளே கட்டில், ஸ்டவ், கொடியில் ஒரு சட்டை. அதுதான் அவர் வீடு. சாயம் ஏறிய விரல்கள். யார் கிட்டே வந்தாலும் அவர் கை வண்டிச் சாவிக்குப் போகும்.

பேட்டரியிலிருந்து வீட்டுக் கரண்ட் எடுக்கும் இன்வர்ட்டரைக் கட்டிலுக்கு அடியில் பொருத்தினேன். ஃபேன் சுற்றியது. பிறகு பையிலிருந்து ஒரு காலிங் பெல்லை எடுத்தார்.

"இதையும் மாட்டிடுங்க பாய்."

"வேனுக்கு இன்னாத்துக்கு சார் பெல்லு? கதவத் தட்டினா போதாதா?"

"தட்டுறவன்லாம் வண்டிய எடுக்கச் சொல்லத்தான் தட்டுறான்."

மாட்டிவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்து அழுத்தினேன்.

"யாரு?" என்றார் உள்ளிருந்து.

"நான்தான் சார், டெஸ்ட்டிங்."

கதவு திறக்கவில்லை. "டெஸ்ட்டிங் வேணாம் பாய். சும்மா பாக்க வந்த மாதிரி அழுத்துங்க."

மறுபடி அழுத்தினேன். சற்று நேரம் கழித்துக் கதவு திறந்தது. பனியனோடு இருந்தவர், கொடியில் கிடந்த சட்டையைப் போட்டு எல்லாப் பொத்தானையும் மாட்டியிருந்தார்.

"வாங்க, வாங்க" என்றார்.

காலையிலிருந்து செருப்புக் காலோடு ஏறி இறங்கி வேலை செய்தவன், அப்போது செருப்பைக் கழற்றி வெளியே விட்டுவிட்டு உள்ளே போனேன்.